வண்டி என்னும் வயிறு

(தஞ்சாவூரில் ஒரு நூலகக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று காலை வீட்டிலிருந்து கிளம்பி இந்த அரங்குக்கு வந்து சேர்வதற்குள் என் காதில் விழுந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "அப்பா, வண்டியை எடுத்துட்டு வரவா?" என்று மகன் கேட்டான். அவன் சொன்னது மோட்டார் சைக்கிளை. திருவையாறு கடைத்தெருவில் ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்து, "தஞ்சாவூர் வண்டி போயிடுச்சுங்களா?" என்றார். அவருக்கு வேண்டியது பேருந்து. வழியில் ஒரு வயல் வரப்பில் இரண்டு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தரை இன்னும் ஈரம், டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. அது கதிர் அறுக்கும் இயந்திரம். தஞ்சாவூர் ரயிலடியில் ஓர் அம்மா, "சென்னை வண்டி எத்தனாவது பிளாட்பாரம் தம்பி?" என்று போர்ட்டரைக் கேட்டார். இத்தனைக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டியையும் பார்த்தேன். அதன் பெயர் வெறும் வண்டி இல்லை இப்போது. 'மாட்டு' என்று முன்னால் சேர்த்தால்தான் புரிகிறது. ஒரு காலத்தில் வண்டி என்றாலே அது ஒன்றுதான். பெயருக்கு உரியவன் அடைமொழி போட்டுக்கொண்டு நிற்கிறான், பின்னால் வந்தவர்கள் எல்லாரும் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்து பொருள், ஒரு சொல், ஒரு மணி நேரம். ஊர்தி என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது, வாகனம் என்று வடசொல் இருக்கிறது. காவல்துறை அறிவிப்பிலும் காப்பீட்டுப் படிவத்திலும் அவை வாழ்கின்றன. வாய் தானாக எடுக்கும் சொல் வண்டி. அது எங்கிருந்து வந்தது, எதைக் குறித்துப் பிறந்தது, ஏன் இவ்வளவு பேரை ஏற்றிக்கொண்டும் அச்சு முறியாமல் ஓடுகிறது என்பதே இன்றைய பேச்சு.

அக்கம்பக்கத்து வீடுகளில் முதலில் விசாரிப்போம். மலையாளத்தில் இதே வண்டி. ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் தீவண்டி. கன்னடத்திலும் தெலுங்கிலும் பண்டி என்பார்கள், முதல் எழுத்தை அழுத்தி. நம்முடைய பழைய அகராதிகளிலும் வண்டிக்குப் பக்கத்திலேயே பண்டி என்று ஒரு வடிவம் உண்டு.

இந்தச் சொல் ஆங்கிலத்திலும் ஏறியது. வெள்ளைக்காரர்கள் இங்கே மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் பயணம் செய்து பழகி, 'பேண்டி' என்று தங்கள் கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் எழுதினார்கள். 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் அதற்குத் தனிப்பதிவு இருக்கிறது. தமிழில் வண்டி, தெலுங்கில் பண்டி என்று அதன் மூலத்தையும் காட்டியிருக்கிறார்கள். அந்த அகராதியைத் தொகுத்தவர்கள் இருவர்: ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னல். இந்தப் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நமது அரண்மனைச் சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்து 1880-இல் பட்டியல் வெளியிட்டவர். அகராதி அச்சாவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1882-இல் இறந்துவிட்டார். தஞ்சாவூர்த் தெருவில் வண்டிச் சத்தத்தைத் தினமும் கேட்ட ஒரு மனிதரின் உழைப்பு அந்த அகராதிக்குள் இருக்கிறது என்பதை, இந்த ஊரில் நின்று சொல்லும்போது எனக்கு மனம் நிறைகிறது.

இப்போது எழுத்துகளைக் கவனியுங்கள். தமிழில் வகரத்தில் தொடங்கும் சொல் கன்னடத்தில் பகரமாவது வழக்கம். நாம் வா என்றால் அவர்கள் பா என்பார்கள். வேர் அங்கே பேரு. வில் அங்கே பில்லு. ஆகவே வண்டி அங்கே பண்டியானதில் வியப்பில்லை. தெலுங்கு அப்படி மாற்றுவதில்லை. அவர்களுக்கு வேர் வேரு, வில் வில்லு. அப்படியிருக்க, அங்கும் பண்டி என்றே வருகிறது. கன்னடத்திலிருந்து தெலுங்குக்குப் போயிருக்கலாம், அல்லது பகர வடிவமே தொன்மையானதாக இருக்கலாம். இங்கேதான் அறிஞர்கள் இரண்டு பாதையில் பிரிகிறார்கள்.

ஒரு சாரார் வட்டம் என்பார்கள். வளைதல், வட்டம், வட்டை, வண்டி. சக்கரத்தின் உருண்டை வடிவமே பெயர் தந்தது என்பது அவர்கள் வழி. இன்னொரு சாரார் பண்டம் என்பார்கள். பண்டத்தை ஏற்றுவது பண்டி, அதுவே வண்டி. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. என் மனம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. சாய்வதற்கான காரணம் ஏட்டிலிருந்து வரவில்லை, ஒரு யாழ்ப்பாணத்து நண்பரின் வாயிலிருந்து வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன, வண்டி வைச்சிட்டுது போல?" என்றார். நான் வாசலில் நின்ற ஸ்கூட்டரைக் காட்டி, "ஆமாம், போன வருஷம் வாங்கியது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். அவர்கள் ஊரில் வண்டி என்றால் தொந்தி. அன்று இரவே அகராதியைப் புரட்டினேன். பண்டி என்றாலும் வயிறு, வண்டி என்றாலும் வயிறு. பண்டி என்றாலும் சகடம், வண்டி என்றாலும் சகடம். இரண்டு வடிவங்களும் இரண்டு பொருளையும் ஒன்றாகவே சுமந்துகொண்டு வருகின்றன. சங்க இலக்கியத்தில் பாண்டில் என்று ஒரு சொல் உண்டு. வட்டத்துக்கும் பாண்டில், கிண்ணத்துக்கும் பாண்டில், இரண்டு உருளை உள்ள வண்டிக்கும் பாண்டில்.

வயிறு, கிண்ணம், வண்டி. மூன்றும் கொள்ளும் பொருள்கள். உள்ளே இடம் உள்ளவை.

இதற்குத் துணையாக நமது டெல்டாவில் இன்னொரு சொல் இருக்கிறது. கலம். சமையல் பாத்திரம் கலம். கடலில் போகும் கப்பலும் கலம். நெல் அளக்கிற அளவும் கலம். 12 மரக்கால் ஒரு கலம், எங்கள் பக்கத்துக் கணக்கில் இரண்டு கலம் ஒரு மூட்டை. பானையும் கப்பலும் நெல்லளவும் ஒரே பெயரில் நிற்கின்றன. ஆங்கிலத்திலும் வெசல் என்றால் பாத்திரமும் கப்பலும்தான். நீரில் போவதற்குக் கலம், நிலத்தில் போவதற்கு வண்டி. இரண்டையும் நம்மவர்கள் ஓடுவதை வைத்துப் பெயரிடவில்லை, கொள்வதை வைத்துப் பெயரிட்டார்கள் என்பதே என் துணிபு.

மற்ற நாட்டார் வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். கோச் என்ற சொல் ஹங்கேரியில் கோச் என்ற ஊரின் பெயர். அந்த ஊரில் செய்த வண்டிக்கு ஊர்ப்பெயரே நின்றது. பஸ் என்பது ஆம்னிபஸ் என்ற லத்தீன் சொல்லின் வால். எல்லோருக்கும் என்று பொருள். ஏறுகிறவர்களை நினைத்து வைத்த பெயர். இடத்தை நினைத்தும் ஆளை நினைத்தும் பெயர் வைக்கலாம். நெல் விளையும் ஊர்க்காரன் சுமையை நினைத்தான்.

வட்டம் என்பவர்கள் இதற்கு மறுப்புச் சொல்வார்கள்: வயிறும் உருண்டை, கிண்ணமும் உருண்டை, பானையும் உருண்டைதானே என்று. சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. காலையில் வரப்பில் கேட்ட பெல்ட் வண்டிக்கு நிலத்தைத் தொடும் சக்கரமே கிடையாது. இரும்புச் சங்கிலியிலும் ரப்பர்ப் பட்டையிலும் அது சேற்றில் தவழ்கிறது. அதற்கும் விவசாயி தயங்காமல் வண்டி என்றே பெயர் வைத்தான். அதன் உள்ளே நெல் நிறைகிற ஒரு தொட்டி இருக்கிறது. தொட்டி நிறைந்ததும் வரப்போரம் வந்து டிராக்டர் டிப்பரில் கொட்டுகிறது. சக்கரம் போனாலும் வயிறு போகவில்லை, பெயரும் போகவில்லை.

சங்க காலத்துக்குக் கொஞ்சம் போய் வருவோம். அங்கே வண்டிக்கு வேறு பெயர்கள்: சகடம், சாகாடு, வையம், பாண்டில். திருக்குறளில் வருவது சாகாடு. மயிலிறகுதானே என்று அளவு மீறி ஏற்றினால் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் சொல்லும் இடம் உங்களுக்குத் தெரியும். பிற்காலத்து ஆண்டாள் திருப்பாவையில் சொல்வது சகடம். வானத்து ரோகிணிக்கும் சகடு என்றே பெயர். சாமி எழுந்தருளும் சிறு சக்கரப் பலகையைச் சகடை என்று இன்றும் கோயில்களில் சொல்கிறோமே, அங்கே அந்தப் பழஞ்சொல் ஒதுங்கி வாழ்கிறது.

சங்க காலத்தில் வண்டி என்றால் உப்பு வண்டி. உமணர் என்ற உப்பு வணிகர்கள் வரிசை வரிசையாக வண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போவார்கள். அந்த வரிசைக்கு ஒழுகை என்று பெயர். ஒழுகுவது போல நீண்டு போவதால் அந்தப் பெயர் என்று நினைத்துப் பார்த்தால் கண்முன் காட்சி வந்துவிடும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த உப்பு வண்டியை ஒரு தச்சர் பார்ப்பது போல உறுப்பு உறுப்பாகப் பார்த்திருக்கிறார். சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தில் ஆரக்கால் செருகிய விதத்திலிருந்து, வண்டியில் கட்டியிருக்கும் கோழிக்கூடு வரை அவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பவில்லை. நுகத்தருகே உட்கார்ந்து, கைக்குழந்தையோடு மாட்டை ஓட்டுகிறாள் ஒரு பெண். வண்டி ஓட்டிய பெண்ணை இவ்வளவு இயல்பாகச் சொன்ன பழைய பாட்டு வேறெங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புறநானூற்றின் 102-ஆம் பாட்டு எனக்கு இன்னும் நெருக்கம். ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடியது. மாடுகள் இளசு, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளமும் மேடும் எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உமணர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருப்பார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். இளவரசன் அந்தச் சேம அச்சுப் போன்றவன் என்கிறார் ஔவையார். இன்று லாரிக்காரரைக் கேளுங்கள், ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்ப மாட்டார். அந்த ஸ்டெப்னி, வேல்ஸ் நாட்டில் லானெத்லி என்ற ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904 வாக்கில் அந்தத் தெருவில்தான் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். நம்மிடம் சேம அச்சு என்ற சொல் எத்தனை நூற்றாண்டுகளாகப் படுத்துக் கிடக்கிறது! ஒரு மெக்கானிக் பட்டறையில் யாராவது ஒருவர் ஒரே ஒரு நாள் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

உப்பு வண்டி நெல்லுக்காகப் போனது. உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கினார்கள். அதே உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து உப்பங்கழியில் நெல்லோடு திரும்பி வந்த படகுகளை முளையில் கட்டியிருப்பதைக் காட்டுகிறார். அவற்றின் பெயர் பஃறி. நிலத்தில் வண்டி, நீரில் பஃறி, இரண்டும் ஓடியது உப்புக்கும் நெல்லுக்கும் நடுவே. வேதாரண்யத்தில் உப்பும் காவிரிக்கரையில் நெல்லும் இன்றைக்கும் விளைகின்றன. நம்முடைய டெல்டாவின் போக்குவரத்து வரலாறு முழுக்க இந்த இரண்டு பண்டங்களுக்கு நடுவே ஓடிய ஒரு தடம்தான்.

நானும் அந்தத் தடத்தில் வண்டி ஏறியவன். எங்கள் வீட்டில் ஒரு பார வண்டி இருந்தது. 15 மூட்டை நெல் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அது கொட்டகையை விட்டு வெளியே வராது. நம்முடைய களிமண் மழைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சக்கரம் குடம் வரை இறங்கிவிடும். தை பிறந்து தரை இறுகிய பிறகே வண்டி கட்டுவார்கள். அப்போது ஊரே வண்டிகளால் நிறையும். களத்திலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து மில்லுக்கு. வைக்கோல் ஏற்றினால் வண்டி கண்ணுக்குத் தெரியாது, ஒரு வைக்கோல் போர் தானாக நடந்து வருவது போல இருக்கும். 'ஒரு வண்டி எரு', 'இரண்டு வண்டி மண்' என்று எல்லாவற்றுக்கும் வண்டியே அளவு. கணக்குப் பார்க்கும்போது அப்பாயி, "எத்தினி வண்டி அடிச்சாங்க?" என்றுதான் கேட்பார். பேச்சில் 'வண்டி வண்டியாய்ப் பொய் சொல்கிறான்' என்கிறோமே, அதுவும் இந்த அளவுக் கணக்குதான். கலத்தைப் போலவே வண்டியும் அளவாகிவிட்டது, பாருங்கள்.

அந்த வண்டிக்குச் சக்கரம் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆசாரியார் குடத்தை நடுவில் வைத்து, அதில் 12 துளை எடுத்து, 12 ஆரக்காலை அடித்து இறக்கினார். வெளிவட்டத்துக்கு 6 வட்டை. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால். எல்லாம் கருவேலம். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒரு மரம் இன்னொரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சேர்த்த பிறகும் சக்கரம் கையால் ஆட்டினால் லேசாக அசையும். அதை இறுக்குவது கொல்லர் வேலை.

வாய்க்கால் கரையில் வரட்டியை வட்டமாக அடுக்கி, அதன் நடுவே இரும்புப் பட்டாவைப் போட்டுத் தீ மூட்டினார்கள். பட்டாவின் சுற்றளவு சக்கரத்தின் சுற்றளவைவிட ஒரு விரல் போலக் குறைவு. அந்தக் குறைவில்தான் வித்தை முழுவதும். பட்டா பழுத்துச் சிவந்து நீண்டதும் நான்கு பேர் குறடால் தூக்கி, தரையில் கிடத்தியிருந்த சக்கரத்தின் மேல் இறக்கினார்கள். மரம் கருகிப் புகை எழுந்தது. பெரிய சம்மட்டியால் சுற்றி வந்து தட்டினார்கள். உடனே குடம் குடமாகத் தண்ணீர். சீறும் ஓசை அடங்குவதற்குள் இன்னோர் ஓசை கேட்கும். இரும்பு சுருங்கச் சுருங்க, வட்டைகளும் ஆரக்கால்களும் ஒன்றையொன்று நெருக்கிப் படபடவென்று முறுக்கேறும் ஓசை. கொல்லர் அதற்காகவே காதைச் சாய்த்து நிற்பார். அந்த ஓசை சரியாக வந்தால் தலையை ஆட்டுவார். ஆசாரியார் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வரும்.

அதன் பிறகு அச்சில் ஏற்றி, கழன்று போகாமல் கடையாணி போடுவார்கள். வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. மை போடாத வண்டி இரண்டு தெரு தாண்டிக் கத்தும். ஏர்க்கால், நுகத்தடி, பூட்டாங்கயிறு, முளைக்குச்சி என்று ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பெயர். எழுத்துத் தெரியாத வண்டிக்காரருக்கு இந்தச் சொற்கள் அத்தனையும் விரல் நுனியில் இருந்தன.

இதே சக்கரத்தைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் தாராசுரம் போங்கள். இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எடுத்த ஐராவதேசுவரர் கோயில். முன்மண்டபமே தேர் வடிவம்; குதிரை இழுக்க, பக்கத்தில் கல் சக்கரம். கும்பகோணத்துப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவுக்குப் போகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கூட்டிப்போகும் ஆசிரியர்கள் அந்தச் சக்கரத்தின் முன் ஐந்து நிமிடம் நின்று, இது குடம், இது ஆரக்கால், இது வட்டை என்று சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வண்டி கொடுத்த உறுப்புச் சொற்கள் வண்டியை விட்டு இறங்கி நம் பேச்சில் நடமாடுகின்றன. ஒரு நிறுவனத்துக்கு ஒருவர் அச்சாணி. தேர்ச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டை முட்டுக்கட்டை. திருவாரூர் ஆழித்தேர் ஓடும்போது அதைப் போடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு உயிரைப் பணயம் வைக்கும் திறமான வேலை என்று தெரியும். தேரைக் காப்பாற்றும் அந்தக் கட்டையைத் தடைக்குப் பெயராக்கிவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தமே. வண்டி கவிழ்ந்தால் குடை சாய்ந்தது என்கிறோம். வண்டிக் கூலிக்கு வண்டிச் சத்தம் என்று பெயர். இந்தச் சத்தம் ஓசையைக் குறிக்கும் சத்தம் இல்லை, கூலி என்று பொருள்படும் தனிச்சொல். இன்றைய பிள்ளைகளிடம் வண்டிச் சத்தம் எவ்வளவு என்று கேட்டால் ஹாரனைப் பற்றிக் கேட்பதாக நினைப்பார்கள்.

1861-இல் இந்தச் சொல்லுக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. அடுத்த ஆண்டே திருச்சிராப்பள்ளி வரை நீண்டது. நடத்தியது நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. 1874-இல் அது தென்னிந்திய ரயில்வே ஆனது. மாடு இல்லை, குதிரை இல்லை, நெருப்பைத் தின்று புகையைக் கக்கிக்கொண்டு இரும்பின் மேல் ஓடும் ஒன்று. இதற்கு என்ன பெயர் சொல்வது? புகைவண்டி என்றார்கள், ரயில் வண்டி என்றார்கள், கொஞ்ச காலத்தில் வெறும் வண்டி என்றே சொல்லிவிட்டார்கள். இலங்கைத் தமிழர்கள் அதைப் புகையிரதம் என்று ரதமாக்கினார்கள். மெயின் லைன் ஊர்களான மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் மக்கள் அதை வண்டியாகவே வைத்துக்கொண்டார்கள். அதுவும் நெல் ஏற்றத்தான் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றும் தஞ்சாவூரிலிருந்தும் நீடாமங்கலத்திலிருந்தும் நெல்லும் அரிசியும் சரக்கு ரயிலில் போகின்றன. நீடாமங்கலம் கேட்டில் காத்துக் கிடந்தவர்கள் இந்த அவையில் பாதிப்பேராவது இருப்பீர்கள்.

பேருந்து வந்தபோதும் இப்படித்தான். கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் கம்பெனியின் பேருந்துகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1972-இல் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பெயர்ப்பலகை மாறியது, நிறம் மாறியது. நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் கேட்டது மட்டும் மாறவில்லை: "கடைசி வண்டி போயிடுச்சா?"

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்று பழமொழி சொல்கிறோம். நிலைமை மாறும் என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கொள்ளிடக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அது கண்ணால் கண்ட காட்சி. பாலங்கள் வருவதற்கு முன் மாட்டை அவிழ்த்து நீந்தவிட்டு, வண்டியைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். கோடையில் ஆறு வற்றினால், பழுது பார்க்க வேண்டிய படகு வண்டியில் ஏறித் தச்சர் வீட்டுக்குப் போகும். பழமொழி சொன்னவன் ஆற்றங்கரையில் நின்றே சொல்லியிருக்கிறான்.

இப்போது அந்த ஆற்று மணலில்தான் மாட்டு வண்டிகளில் பெரும்பகுதி நிற்கிறது. நெல் டிராக்டருக்கும் லாரிக்கும் போய்விட்டது. கொள்முதல் நிலையத்தில் நெல் 40 கிலோ மூட்டையாக லாரியில் ஏறுகிறது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளுகிற மாட்டு வண்டித் தொழிலாளர்கள், தங்களுக்குத் தனியாக மணல் குவாரி வேண்டும் என்று மாவட்டம் மாவட்டமாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வண்டிகளில் பெரும்பாலும் ரப்பர் டயர்தான். குடம் இல்லை, ஆரக்கால் இல்லை, வட்டை இல்லை. வண்டி என்ற தாய்ச்சொல் புதிது புதிதாகப் பிள்ளைகளைத் தத்து எடுத்துக்கொண்டிருக்கிறது. அவளுடைய சொந்தப் பிள்ளைகளான அந்த உறுப்புச் சொற்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கின்றன. இதைப் பேசத்தான் நான் வந்தேன். இந்த மாவட்டத்தில் பட்டா கட்டத் தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் பேனாவுமாக அவர் திண்ணையில் போய் உட்காருங்கள். குடத்தில் தொடங்கிக் கடையாணி வரை அவர் சொல்கிற சொல்லை அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். செல்பேசியில் பதிவு செய்தாலும் நல்லது. ஊருக்கு ஊர் சொல் மாறும், அந்த மாற்றமும் நமக்கு வேண்டும்.

நான் போனேன். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஆசாரியார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பெரிய சக்கரம் செய்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என் பேத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள், அவளுக்கு ஒரு நடைவண்டி செய்து வாங்கிவரத்தான் போனேன். நடைவண்டி தெரியும் அல்லவா? மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை.

பட்டினப்பாலையில் இந்த நடைவண்டியின் மூதாதை வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் நெல் காய்கிறது. கோழி கொத்த வருகிறது. வீட்டுப்பெண் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றிக் கோழியின் மேல் வீசுகிறாள். அந்தக் குழை, சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கரத் தேரின் வழியில் கிடந்து அதைத் தடுக்கிறது. சக்கரத்துக்கு அங்கே கால் என்று பெயர். மூன்று கால் சிறுதேர். பொன்னைப் பார்க்கிறவர்கள் அந்தக் காட்சியில் ஊரின் செல்வத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தத் தேரின் மேலேயே கண். இரண்டாயிரம் ஆண்டு போன பிறகும் மூன்று சக்கரத்தோடு, இதே காவிரிக் கரையில், இதே ஆசாரியார் பட்டறையில் அது கிடக்கிறது.

அவர் மூன்று சக்கரத்தையும் செருகி, தரையில் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டாமல் யோசித்தார்.

"சாமான் ஏத்த ஒரு பலகை வெச்சுத் தரவா தம்பி?" என்றார்.

"நடக்கப் பழகுற புள்ளைக்கு எதுக்குங்க பலகை?" என்றேன்.

"எந்தப் புள்ள வெறும் வண்டியத் தள்ளிருக்கு? நாளைக்கே அடுப்படிலேருந்து ஒரு சொம்பு, ஒரு கரண்டின்னு எதையாச்சும் கொண்டாந்து ஏத்தும். பாருங்க."

மூலையில் கிடந்த ஒரு துண்டு வாகைப் பலகையை எடுத்து, இழைப்புளியால் நான்கு இழுப்பு இழுத்து, விளிம்பு குழந்தையின் கையைக் கிழிக்காதபடி தேய்த்து, இரண்டு பக்கக் கட்டைக்கும் நடுவே வைத்து அடித்தார்.